தட்டு பிடிக்க ஒரு ஆள்

முன்னாள் மாணவர்கள் என்றாலே எனக்கு முகம் சுளிக்கும். ஆனால் அவர்களைக் கூட்டிவைத்துச் சிரித்துப் பேசி, பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை வாங்குவதுதான் என் வேலை. ஆபீஸ் கதவில் அந்த வேலைக்கு நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது. என் வீட்டுக்காரர் அதைச் சுருக்கி 'உண்டியல் டிபார்ட்மென்ட்' என்பார். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே, சிமென்ட் லாரிப் புழுதியில் நிற்கிறது எங்கள் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். படிக்கிற காலத்தில் மெஸ் சாம்பாரைத் திட்டித் தீர்த்தவன் எல்லாம் இப்போது காரில் வந்து இறங்கி, "அந்த சாம்பார் மாதிரி வருமா மேடம்?" என்று கண் கலங்குவான். ரசீது புத்தகத்தை எடுத்தேனோ இல்லையோ, கண் காய்ந்துவிடும்.

இவர்களுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கீழப்பழுவூர் பக்கம் நிலபுலன் நிறைய. மைக்கைக் கையில் கொடுத்தால் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தக் குடும்பத்தில் யார் மேடையில் உட்காருவது, யார் ஓரமாக நிற்பது என்பதை மட்டும் அவர்தான் முடிவு செய்வார்.

எங்கள் பழைய நூலகம் மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதை முழுக்கப் புதுப்பித்துத் தருகிறேன் என்று ஒருவர் தானாக வந்தார். எங்களிடம் படித்தவர். பெரம்பலூரில் டிப்பர் லாரிகள் ஓட்டுகிறார், கான்கிரீட் கலவை பிளான்ட்டும் வைத்திருக்கிறார். அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். பெயர்ப்பலகை வேண்டாம், சால்வை வேண்டாம், ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"திறப்பு விழாவுல ரிப்பனை எங்கம்மாதான் வெட்டணும் மேடம். அந்தக் கட்டடம் கட்டுறப்ப அம்மா அதுல சித்தாளு. கலவைச் சட்டி தூக்கினவங்க."

எத்தனையோ நன்கொடையாளர்களுக்குப் பல்லைக் காட்டிய எனக்கு அன்றைக்குத்தான் நிஜமாகவே சிரிப்பு வந்தது. அந்த அம்மாவைப் பார்க்க ஏலாக்குறிச்சி பக்கத்து ஊருக்கு நானே போனேன். பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் எல்லோரும் அவருக்கு டீச்சர்தான்.

"வெட்டுறேன் டீச்சர். அதுக்கென்ன! கத்திரி மட்டும் மொக்கையா இல்லாம பாத்துக்கங்க. நாலு பேரு சிரிச்சிடப் போறாங்க. தெரு பூரா சொல்லிட்டேன். வேன் வச்சுக்கிட்டு வராங்க."

விழாக் கமிட்டியில் இதைச் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு, கை நடுங்கும். அவங்க கத்தரிக்கோல் வச்ச தட்டைப் புடிச்சுக்கட்டும். போட்டோவுல விழுந்துடுவாங்கல்ல? வெட்டுறது தலைவர்தான். அதான் வழக்கம்."

"கலவைச் சட்டி புடிச்ச கை சார் அது. நடுங்காது. அவங்க எந்தத் தெருன்னு யோசிக்கிறீங்களா?"

"சேச்சே! என்னம்மா பேச்சு இது? நாம கிறிஸ்தவங்க."

இந்த மனிதர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சொல்வதற்கு என்ன இருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்றும் இருக்காது. அவர் கணக்கில் அவர் செய்தது எதுவும் பாவமே இல்லை. எங்கள் அதிபர் சாமியார் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எதுக்கும்மா பிரச்சனை, அனுசரிச்சுப் போங்களேன்" என்றார். அவருக்கும் அதற்கு மேல் முதுகெலும்பு கிடையாது.

நான் மகனைத்தான் நம்பினேன். விஷயம் தெரிந்தால் மனுஷன் கொதித்துப்போய் வந்து மேஜையைத் தட்டுவார் என்று நினைத்தேன். எனக்கு முன்பே தலைவர் அவருக்கு போன் போட்டுவிட்டிருந்தார்.

"விடுங்க மேடம். சங்கத்துல துணைத் தலைவர் போஸ்ட் தராங்க. எங்க தெருவுலேர்ந்து இதுவரைக்கும் ஒருத்தனும் அதுல வந்ததில்ல. அம்மா தட்டு புடிச்சா என்ன கொறஞ்சிடப் போவுது? நீங்களே பக்குவமா அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"நான் சொல்ல மாட்டேன். உங்க அம்மா, உங்க வாய்" என்று போனை வைத்துவிட்டேன். தூ என்றிருந்தது. தலைவரை விட அன்றைக்கு இவர் மேல்தான் ஆத்திரம். தலைவர் புத்தி எனக்குத் தெரிந்ததுதான். இவருக்கு எங்கே போயிற்று புத்தி?

விழா அன்று காலை அந்த அம்மா அரக்குக் கலர் பட்டுப்புடவையில் வந்து இறங்கினார். பின்னாலேயே வேனில் அவர் தெருவே வந்தது. நூலகப் படியருகே மகன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, போனைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார். அம்மா அவர் நீட்டிய தட்டை வாங்கிக்கொண்டு கதவுக்கு முன்னால் போய் நின்றார். தட்டில் ரோஜா இதழ், நடுவில் குஞ்சம் கட்டிய கத்தரிக்கோல்.

தலைவரைக் காணோம். அதிபரோடும் அந்த அம்மாவின் மகனோடும் கெஸ்ட் ஹவுஸுக்குப் போய்விட்டார். வெயில் ஏறியது.

"யாருக்கு டீச்சர் நிக்கிறோம்?"

"தலைவருக்கும்மா."

"அவரு எங்க?"

"டிபன் சாப்புடுறார்."

அந்த அம்மா கதவையும் அதன் குறுக்கே கட்டியிருந்த ரிப்பனையும் மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டியும் தலையுமா இந்த வாசல்ல நான் போனப்ப எவனும் ரிப்பன் கட்டல டீச்சர். இதைச் செத்த புடிங்க."

தட்டு என் கைக்கு வந்துவிட்டது. அவர் ரிப்பனை ஒரு கையால் தூக்கி, குனிந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு அவர் பின்னால் சாத்திக்கொண்டது. வேனில் வந்த பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். யாரும் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை.

ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தார் தலைவர். "எங்க அந்தம்மா?"

"நான் தட்டு புடிக்கிறேன் சார். நீங்க வெட்டுங்க" என்றேன்.

பேண்டு வாத்தியம் முழங்கியது. வீடியோக்காரர் பின்னோக்கி நடந்தபடி 'சிரிங்க சார்' என்றார். தலைவர் சிரித்து, ரிப்பனை வெட்டி, ஒரு துண்டைக் கையில் தூக்கிக் காட்டினார். அதிபர் தீர்த்தம் தெளித்து இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தார்.

உள்ளே வாசலைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, தன் வீட்டு வாசலுக்கு வந்தவர்களைக் கூப்பிடுகிற அதே முகத்தோடு கை கூப்பினார்.

"வாங்க சாமி. வாங்க, வாங்க. எல்லாரும் உள்ள வாங்க."

கையில் ரிப்பன் துண்டோடு தலைவர் படியிலேயே நின்றார். வாங்க என்று கூப்பிட்டால் நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. "வரோம்மா" என்றார், வாய் தானாக. பின்னால் வேன் கூட்டம் மொத்தமும் கை தட்டியது.

அந்த அம்மா அவரைத் தாண்டிப் பார்த்தார். படிக்குக் கீழே மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார்.

"நீயும் வாய்யா. ஏன் வெளியிலயே நிக்கிற?"