இருபத்திரண்டு வீட்டுக் கையெழுத்து

ஊராட்சி அலுவலகத்தைத் துடைப்பதில் தபாலக்காவுக்கு ஒரு முறை உண்டு. முதலில் கூட்ட அறை, பிறகு வராந்தா, கடைசியில் செயலர் அறை. நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, துணியை முறுக்கிப் பிழிந்து, சுவரோரத்திலிருந்து வாசலை நோக்கிப் பின்னாலேயே நகர்ந்து வருவாள். தன் காலடித் தடம் தரையில் விழக் கூடாது. பத்தொன்பது வருடமாக விழுந்ததில்லை.

துடைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி நோட்டு சுமப்பது. ஊர்க் கூட்டம் என்றால் வீடு வீடாகப் போய்த் தகவல் சொல்லி, 'அறிந்தேன்' என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். அதனால் வந்த பேர்தான் தபாலக்கா. நிஜத் தபால்காரர்கூட இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவார். இவள் ஒரு வீட்டையும் விட்டதில்லை என்று ஊருக்குள் மதிப்பு.

அந்த மதிப்புக்குப் பின்னால் ஒரு சங்கதி இருந்தது. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு ஒருத்தி எத்தனை தடவைதான் நடப்பாள்? வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில், அப்போதிருந்த செயலரே, "நீயே ஒரு கிறுக்கு கிறுக்கிடும்மா, வெறும் தகவல்தானே" என்று வழிகாட்டினார். கிறுக்கினாள். போகப் போக அதிலும் ஒரு கைப்பழக்கம் வந்துவிட்டது. மளிகைக்காரர் அடியில் இரட்டைக் கோடு இழுப்பார். சவரக்கடைக்காரர் கடைசி எழுத்துக்கு வால் வைப்பார். எல்லாம் இவளுக்கு அத்துப்படி. சாயங்காலம் வழியில் பார்க்கும்போது, "வியாழக்கிழமை கூட்டம்ணே, மறந்துடாதீங்க" என்று வாயாலும் சொல்லிவிடுவாள். யாருக்கு என்ன குறைந்துவிட்டது?

மூன்று வாரத்துக்கு முன்புவரை ஒன்றும் குறையவில்லை.

அப்போதுதான் ஆற்றுத் தெருவின் இருபத்திரண்டு வீட்டு வாசலிலும் நீலத் தகடு அடித்துவிட்டுப் போனார்கள். 'பாதுகாக்கப்பட்ட பாரம்பரியத் தெரு'. புதுக் கொள்கையாம். பழைய தெருக்களை மேலிடம் தன்னிஷ்டத்துக்குப் பட்டியலில் சேர்க்கக் கூடாதாம். ஊராட்சிதான் தீர்மானம் போட வேண்டும். அதற்குத் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சம்மதிக்க வேண்டும். சேர்ந்துவிட்டால் வீட்டு முன்பக்கத்தில் ஒரு கல்லை நகர்த்தவும் அனுமதி கேட்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சம்மதித்தவர் யார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

"நான் போடல."

"நானும் போடல."

"அப்ப உங்க வீட்டுப் பூனைதான் போட்டிருக்கும்."

தெரு இரண்டுபட்டது. "மளிகைக்காரன் கடைக்குத் திடீர்னு புதுப் போர்டு வந்திருக்கு பாத்தீங்களா? சும்மாவா வரும்?" என்றார் சவரக்கடைக்காரர். "அங்க முடியா வெட்டறாங்க? சதி பண்றாங்க" என்றார் மளிகைக்காரர். இரண்டு பேரும் இதைத் தபாலக்காவிடம்தான் ரகசியமாகச் சொன்னார்கள். அவளை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அவளுக்கும் தன்மேல் சந்தேகம் வரவில்லை. செயலர்மேல்தான் வந்தது.

பதினோராம் நம்பர் வீடு அவள் நாத்தனாருடையது. நாத்தனாரின் புருஷன் சுவர் பூசுகிறவர். சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெள்ளிக்கிழமை சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வருகிறார். வாசலில் நாலு படி, ஒரு ஆள் நுழையும் அளவுக்கே குறுகலான நிலை. படியை இடித்துச் சாய்தளம் போடக் கொத்தனார் சாக்பீஸில் கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது செயலரே நேரில் வந்து தகட்டைக் காட்டி நிறுத்திவிட்டார். அனுமதிக்கு எழுதிப் போடச் சொன்னார். பதில் வர மூன்று மாதமாகுமாம்.

"மூணு மாசம் அவர வாசல்லயே வச்சிருக்கவா அண்ணி? ஆளத் தூக்கி உள்ள வைக்க நான் என்ன கிரேனா?" நாத்தனார் தபாலக்காவின் சமையலறையில் உட்கார்ந்து பொருமினாள். தபாலக்கா குடியிருக்கும் அந்த வீடு நாத்தனார் பிறந்த வீடு. ஒன்பது வருடத்துக்கு முன்னால், அண்ணன் அங்கேயே இருக்கட்டும் என்று தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டவள். ஒரு வார்த்தை முகம் கோணவில்லை. தபாலக்கா அதை மறந்ததும் இல்லை.

"அந்தச் செயலர் ஆளே சரியில்ல. ஏதோ பண்ணியிருக்கான்" என்றாள் தபாலக்கா.

"எவன் பண்ணியிருந்தாலும் சரி. கையெழுத்துப் போட்ட கையக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

மறுநாள் செயலர் அறையைத் துடைக்கும்போது தபாலக்கா பீரோவைத் திறந்தாள். சாவிக்கொத்து எப்போதும் அவள் இடுப்பில்தான். நோட்டை எடுத்தாள். இந்தத் தடவை அச்சடித்த புது நோட்டு. மேலே பெரிய எழுத்தில் வழக்கம்போல, 'கூட்டத் தகவல் அறிந்தேன்'. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இன்னொரு வரி: 'தெருவைப் பட்டியலில் சேர்க்க ஆட்சேபனை இல்லை'.

அவள் அதைச் சுமந்துகொண்டு வீடு வீடாக நடந்தவள். படித்துப் பார்த்ததில்லை.

இருபத்திரண்டு கையெழுத்து. விரலால் எண்ணிக்கொண்டே வந்தாள். ஐந்து அவள் போட்டது. பதினோராவது வரிசையில் நாத்தனாருடையது, வட்டமாக, அழகாக உட்கார்ந்திருந்தது.

"என்னக்கா, தூசி தட்டறீங்களா?" வாசலில் செயலர்.

"ஆமா சார்."

"தட்டுங்க, தட்டுங்க. இந்த நோட்டத் தட்டினா மட்டும் தூசி நம்ம மேலயே விழும்." சிரித்தார். "உங்க கைக்குத்தான் எத்தனை வித்தை! டீ சொல்லிட்டு வர்றீங்களா?"

அந்தச் சிரிப்பை டீக்கடைவரை மென்றுகொண்டே போனாள். முன்பே தெரிந்து வைத்திருந்தானா, இப்போதுதான் பிடித்தானா? அந்த வரியை நுழைத்தது இவனா, ஊராட்சித் தலைவரா, அச்சடித்து அனுப்பிய மேலிடமா? ஒன்றும் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை காலை, தரை காய்வதற்குள் நாத்தனார் வந்துவிட்டாள். கையில் மனு. நோட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். செயலர் மறுக்கவில்லை. பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

"பதினொன்னு. உங்க கையெழுத்துதானேம்மா?"

நாத்தனார் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்னிக்குப் போட்டது?"

"பதினாலாம் தேதி."

"பதினாலாம் தேதி அவருக்கு ஆபரேஷன். பகல் பூரா ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தேன்." திரும்பினாள். "மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தது யாரு அண்ணி?"

"நான்தான்."

"அன்னிக்கு நோட்டு கொண்டு போனது?"

தபாலக்கா கையிலிருந்த ஈரத்துணியை வாளிக்குள் போட்டாள்.

"நான்தான். கையெழுத்தும் நான்தான் போட்டேன். அங்க வந்து கூட்டம் அது இதுன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? சொல்லல." செயலரைப் பார்த்தாள். "சார், எழுதிக்கோங்க. இது ஒண்ணு இல்ல, அஞ்சு. எது எதுன்னு காட்டறேன். ஒரு வீடு குறைஞ்சாலே செல்லாதுன்னீங்களே, அஞ்சு குறையுது."

செயலர் நோட்டை மெதுவாக மூடப் பார்த்தார். "யோசிச்சுப் பேசுங்கக்கா. வேலை போயிடும்."

"போனாப் போகட்டும். படியும் போகும்ல."

பேசி முடித்ததும் நெஞ்சு லேசானது. நாத்தனார் முகத்தில் ஒரு தெளிச்சியைத் தேடினாள். ஆனால் நாத்தனார் நோட்டை மூடவிடாமல் பிடித்திருந்தாள். அந்த வட்டங்களின் மேல் விரலை வைத்து மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அச்சு அசலா இருக்கு. எனக்கே வித்தியாசம் தெரியல."

விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்கப்பா வீட்டுப் பத்திரத்துல இருக்கறது நான் போட்டதுதானா அண்ணி?"

"ஐயோ, என்ன பேச்சு பேசற! நீயே போட்டதுடி. உங்க அண்ணன் பேனா எடுத்துக் குடுத்தாரு. மை வரலன்னு நீ உதறின. என் சேலையிலகூடத் தெறிச்சுது. ஞாபகமில்ல?"

நாத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஈரம் காயாத தரையில் செருப்போடு நடந்தாள்.

"ஏய், ஞாபகமில்லையா உனக்கு?" என்று தபாலக்கா இன்னொரு தடவை கேட்டபோது, அவள் வராந்தாவைத் தாண்டிவிட்டிருந்தாள்.