கந்தப்பளை ஏற்றத்தில் ஒரு நேர்த்திக்கடன்

மாசிச் செவ்வாய், காலை. கந்தப்பளைக்கு ஏறும் பாதையில் சைக்கிளை விட்டு இறங்கி மூச்சு வாங்குகிறேன். எல்லோருக்கும் ஏற்ற எளிய பாதை என்கிறது கைபேசி வரைபடம். அடுத்து வரும் தேயிலைக் கொழுந்து லொறியில் சைக்கிளோடு ஏறிவிடுவதென்று முடிவு செய்கிறேன்.

மேலே கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி இறங்கி வருகிறாள்.

"என்ன நேர்த்திங்கண்ணே?"

"நேர்த்தியெல்லாம் இல்லம்மா. சும்மா ஆசைக்கு ஓட்டுறேன்."

"பஸ் ஓடுற ரோட்டுல ஆசைக்கா இந்தப் பாடு? சொல்லக்கூடாதுன்னா விடுங்க."

காவடிக்காரருக்கு ஊற்றுவதுபோல், போத்தல் தண்ணீரை என் கால்களில் ஊற்றிக் கும்பிடுகிறாள்.

லொறி வந்து நிற்கிறது. "ஏறுறீங்களா?" என்கிறார் டிரைவர். அவள் என்னையே பார்க்கிறாள்.

"இல்லங்க, நீங்க போங்க."

நனைந்த சப்பாத்துகளோடு சைக்கிளில் ஏறுகிறேன். அவள் கண்ணுக்கு மறையும் வளைவு வரையாவது இறங்காமல் மிதித்தாக வேண்டும்.