பனித்தரையில் தெறித்த கல்

இரண்டு வருடங்களுக்கு முன், பெரஹெரா ஊர்வலத் திருவிழா முடிந்து கண்டி டவுன் கொஞ்சம் மூச்சுவிட்ட வாரம் அது. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் என் தையல் கடைக்கு ஒரு தோழி வந்தாள். எங்கள் ஊர் ஹேவாஹெட்டவில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். இப்போது சுவிஸில் இருக்கிறாள். கூடவே பதினான்கு வயது மகள். பனித்தரையில் சறுக்கி ஆடும் பிள்ளை. அடுத்த மாதம் பல நாட்டு இளையோர் கலந்துகொள்ளும் போட்டி. அதற்கான சட்டையில் மினுங்கும் கல் வைத்துத் தர வேண்டும்.

“ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியா முடிச்சுப் போடுடி. ஒண்ணுகூட விழக்கூடாது,” என்றாள் தோழி.

தலையாட்டினேன். ஆனால் உள்ளுக்குள் எரிச்சல். எத்தனை கல்யாண ப்ளவுஸ் தைத்தவள் நான், எனக்கே பாடம் எடுக்கிறாளே என்று. அவர்கள் போனதும் வழக்கம்போல கொக்கி முனை கொண்ட ஆரி ஊசியை எடுத்து, ஒரே நூலில் சங்கிலித் தையலாக ஓட்டிவிட்டேன். அந்தத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையே உருவிக்கொண்டு வரும். மணப்பெண் மேடையில் சுழலவா போகிறாள்? அதனால் இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

போட்டியன்று மாலை ஃபோனில் நேரடியாகப் பார்த்தேன். பிள்ளை அருமையாக ஆடினாள். கடைசிச் சுழற்சியில் இடுப்புப் பக்கமிருந்து ஏதோ மின்னித் தெறித்தது.  ஆட்டம் முடிந்து வணங்கியவள் வெளியே போகவில்லை. குனிந்து தேடி எதையோ பொறுக்கினாள். உடையிலிருந்து ஏதாவது விழுந்தால் ஒரு புள்ளி குறைப்பார்களாம். அந்தப் புள்ளி இருந்திருந்தால் மூன்றாமிடம், பதக்கம். கிடைத்தது நான்காமிடம்.

மறுநாள் தோழி ஃபோனில் பேசினாள். “நான்தான்டி மெஷின்ல போட்டுக் கழுவிட்டேன். அதுல நூல் விட்டிருக்கும். பிள்ள என்கூடப் பேசவே மாட்டேங்குது,” என்று அழுதாள்.

‘இருக்கும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். வாய்வரை வந்தும்விட்டது. அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. “நீ சொன்ன முடிச்ச நான் போடலடி. அவசரத்துல ஒரே நூலா ஓட்டிட்டேன்,” என்றேன். அவசரம் என்று சொன்னதுகூடப் பொய்தான். உண்மையான காரணம் திமிர்.

 மறுமுனையில் பிள்ளையின் குரல் வந்தது, கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“ஆன்ட்டி, அடுத்து ஆடுற பிள்ள கால்ல கல்லு மாட்டினா விழுந்துருவா. அதான் தேடினேன். உங்க மேல கோவம்தான். ஆனா சட்டைய அனுப்புறேன். முடிச்சுப் போட்டுத் தாங்க.”

சட்டை வந்தது. எல்லாவற்றையும் பிரித்து, மூன்று நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாகத் தைத்தேன்.

அன்று நான் பொய் சொல்லியிருந்தாலும் அந்தச் சட்டை என்னிடமே வந்திருக்கும். ஆனால் தன் தாய்தான் பதக்கத்தைக் கெடுத்தாள் என்று அந்தப் பிள்ளை இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்.