சேரப்பணஞ்சேரி ஏரிக்கு வந்த கூழைக்கடா

அண்மையில் மறைந்த எங்கள் அக்கா வடக்குப்பட்டில், விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா இளம் வயதிலேயே காலமானதால், பள்ளிப் படிப்பு முடிந்ததும் மறைமலை நகரில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். உதிரிப் பாகங்களை அளந்து, சரியானவற்றை மட்டும் அனுப்பும் வேலை. என்னை அந்தச் சம்பளத்தில்தான் படிக்கவைத்தார்.

திருமணமாகி சேரப்பணஞ்சேரிக்கு வந்தபின், காலை பஸ்ஸுக்கு முன் அரை மணி நேரம் ஏரிக்கரையில் நின்று பறவை பார்ப்பார். 1991இல் அங்கே அலகின் கீழ் பை தொங்கும் பெரிய நீர்ப்பறவையான கூழைக்கடா ஒன்று இறங்கியது. நம் பக்கம் அபூர்வமாக வரும் வெள்ளைக் கூழைக்கடாவா, வழக்கமான சாம்பல் கூழைக்கடாவா? நாளிதழ் நிருபராக இருந்த நான் அக்காவைக் கேட்டேன்.

"வெள்ளையாத்தான் தெரியுது. ஆனா ரொம்ப தூரத்துல கீதுடா. ரெக்கைய விரிச்சாதான் சொல்ல முடியும்."

நான் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அபூர்வப் பறவை வந்திருப்பதாக, அக்காவின் பெயருடன் செய்தி வெளியானது.

இரண்டு நாள் கழித்து அது கரையருகே வந்தது. மேல் அலகின் ஓரத்தில், சாம்பல் கூழைக்கடாவுக்கே உரிய புள்ளிகள் வரிசையாக இருந்தன. பறந்தபோது, வெள்ளைக் கூழைக்கடாவுக்குரிய கறுப்பு இறக்கையில் இல்லை. அக்கா அன்றே என் நாளிதழ் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"தப்புன்னு போடுடா."

"ஒரு பறவைதானக்கா. யாரு கவனிக்கப் போறாங்க?"

"எம் பேர மட்டும் கரெக்டா போட்டியே. அது பேரையும் கரெக்டா போடு."

ஆசிரியரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. திருத்தம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பைனாகுலருடன் பலர் வந்தனர். நானும் போயிருந்தேன். அக்காவின் கணவரான மாமா என்னிடம், "மச்சான், உங்க அக்கா வர்றவங்களை எல்லாம் நிறுத்தி, தப்பு தப்புன்னு சொல்லிகினு கீது. வியாபாரம் கெடுதுன்னு டீக்கடைக்காரன் கடுப்புல கீறான்," என்று சிரித்தார்.

ஒருவர் அக்காவிடம், "பேப்பர்ல போட்டிருந்தாங்களே?" என்றார்.

"போட்டாங்க சார். அதுல வந்த பேரு என்னுதுதான். இது சாம்பல் கூழைக்கடா. வந்தது வந்தீங்க, மீன் புடிக்கிறதைப் பாத்துட்டுப் போங்க."

நான் நான்கடி தள்ளி நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. பறவை அலகைத் தண்ணீருக்குள் விட்டு, பையை நிரப்பி, தலையைத் தாழ்த்தி நீரை வடியவிட்டது. பிறகு அண்ணாந்து மீனை விழுங்கியது. வந்தவர்கள் வெயில் ஏறும்வரை நின்று பார்த்தார்கள். யார் தவறு என்பதை அக்கா கடைசிவரை எவரிடமும் சொல்லவில்லை.

அக்கா நோயுற்றிருந்த மாதங்களில் முறைவைத்து மருத்துவமனையில் உடனிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், ரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும் குடும்பத்தார் கடமைப்பட்டிருக்கிறோம்.

அன்று வராத திருத்தத்தை இங்கே வெளியிடுகிறேன். சேரப்பணஞ்சேரி ஏரிக்கு வந்தது சாம்பல் கூழைக்கடா. இறக்கை விரியாமல் சொல்ல முடியாது என்றே அக்கா சொன்னார். அதை விட்டுவிட்டு எழுதியவன் நான்.

— தம்பி