மிளகாய்ச் செடிக்கு நாலு நாள் பட்டினி

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸில் டிபன் வேளை. பக்கத்து மேஜை நண்பர் ஒரு புகாரோடு வந்தார். வீட்டுக் கொல்லையில் எட்டு மிளகாய்ச் செடி வைத்திருக்கிறாராம். இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டதாம். இலையெல்லாம் வெற்றிலை மாதிரி பளபளவென்று இருக்கிறதாம். பூ? ஒன்றுகூட இல்லையாம்.

"தண்ணி எத்தனை வேளை?" என்று கேட்டேன்.

"மூணு வேளை ஸார்." சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு பெருமை.

"நாலு நாளைக்கு நிறுத்துங்க" என்றேன்.

அவருக்கு ஏமாற்றம். ஏதாவது மருந்து, பொடி, கஷாயம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. இவ்வளவுதானா என்று என்னைப் பார்த்துவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார்.

இவ்வளவுதான். ஆனால் இதைத் தெரிந்துகொள்வதற்குள் எங்கள் வீட்டில் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. டிபன் வேளையில் சொல்லக் கூடிய விஷயம் இல்லை அது. உங்களிடம் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று போன வருஷம் பட்டணமே மூட்டை கட்டியதல்லவா... அந்தச் சித்திரையில்தான் நாங்களும் கிளம்பினோம். ஜனங்கள் மாயவரம், மதுரை என்று போனார்கள். எனக்கு ஆபீஸ் இருக்கிறதே? ஆவடியில் இறங்கி நடக்கிற தூரத்தில், பருத்திப்பட்டில் ஒரு வீடு கிடைத்தது. ஓட்டு வீடு. பின்னால் கிணறு, பெரிய கொல்லை. குண்டு விழவில்லை, ஜனங்கள் திரும்பிப் போனார்கள். நாங்கள் அங்கேயே இருந்துவிட்டோம்.

அந்த ஆடி மாதம் ஒரு நாள், வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். எலும்பும் தோலுமாக, முகம் முழுக்கத் தாடி, காலில் துணி சுற்றியிருந்தது. என் மனைவி பங்கஜம் எட்டிப் பார்த்து, "யாருங்க வேணும்?" என்று கேட்டாள்.

கேட்டது தன் கூடப்பிறந்த அண்ணனை.

சபாபதி மச்சான் பன்னிரண்டு வருஷம் ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் கிளார்க்காக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வந்தால் வீடே கலகலக்கும். அப்படி ஒரு சிரிப்பு, அப்படி ஒரு வாய். ரங்கூனில் குண்டு விழுந்ததும் கப்பலில் இடம் கிடைக்காமல், ஆயிரக்கணக்கான பேரோடு மலை, காடு என்று நடந்தே வந்திருக்கிறார். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்டாலும் "வந்துட்டேன் இல்ல" என்பார்.

உடம்பு தேறியது. பேச்சு தேறவில்லை. எப்போதும் பக்கத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்திருப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும், தபால்காரர் வந்தால்கூட, கேட்பதற்கு முன்னால் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார். மரியாதை என்று நினைத்துக்கொண்டோம். மனிதர்கள் எதையெல்லாம் மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள், பாருங்கள்.

தை மாதம் பங்கஜம் மிளகாய் போட வேண்டும் என்றாள். யுத்தத்தில் எதற்குத்தான் தட்டுப்பாடு இல்லை? கடையில் மிளகாய் கிடைப்பதே அரிதாயிருந்தது. கிடைத்தாலும் பாதி காம்பு, பாதி பூச்சி. பக்கத்து வீட்டு வள்ளியம்மா குமணன்சாவடியிலிருந்து நாற்று வாங்கி வந்தபோது எங்களுக்கும் ஒரு கட்டு கொடுத்தாள். வள்ளியம்மாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் பயிர் வைப்பவர்கள். இப்போது புருஷன் ஆவடி மிலிட்டரி காம்பில் கட்டட வேலைக்குப் போய்விட, பயிரை அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டாள்.

முப்பது நாற்று. கிணற்றடியை ஒட்டி மூன்று வரிசை. நட்ட அன்றைக்கே மச்சான் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் பார்த்துக்கிறேன்" என்றார். பங்கஜத்துக்கு வாயெல்லாம் பல். அண்ணன் ஏழு மாதத்தில் முதல் முறையாக ஒரு வேலையைத் தானாகக் கேட்டிருக்கிறார்!

பார்த்துக்கொண்டார். காலையில் தண்ணீர். மதியம் தண்ணீர். சாயங்காலம் தண்ணீர். ஆட்டுப் புழுக்கை, அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் வேளை தவறாமல். செடிகள் புஷ்டியாக வளர்ந்தன. மாசி முடிவதற்குள் இடுப்பைத் தொட்டன. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் அதே நாற்று, அதே மண். வள்ளியம்மாவின் செடிகள் முழங்காலுக்குச் சற்று மேலே, கொஞ்சம் கறுத்து, முரட்டுத்தனமாக நின்றன. உடம்பெல்லாம் வெள்ளைப் பூ. எங்கள் முப்பது செடியில் ஒரு மொட்டுகூட இல்லை.

பங்குனி தொடக்கத்தில் வள்ளியம்மா வேலியோரம் வந்து பார்த்தாள். பங்கஜத்திடம் சுருக்கமாகச் சொன்னாள்: செடிக்குச் சௌகரியம் அதிகமாகிவிட்டது, கேட்காமலே எல்லாம் கிடைக்கிறபோது அது எதற்குப் பூக்க வேண்டும்? நாலு நாள் தண்ணீரை நிறுத்து. இலை வாடும், பயப்படாதே. புழுக்கையும் வேண்டாம். அப்புறம் அளவாகத் தண்ணீர், ஒரு கை அடுப்புச் சாம்பல். தானாகப் பூக்கும்.

பங்கஜம் இதை அண்ணனிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். சாயங்காலம் வழக்கம் போல வாளியோடு போனார்.

மறுநாளும் சொன்னாள். மறுநாளும் ஊற்றினார். நான் சொன்னேன். என்னிடம் ரொம்ப மரியாதையாக, "சரி மாப்ளே" என்றார். ஊற்றினார்.

என் மனைவி பிடிவாதக்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றுக் கயிற்றையே அவிழ்த்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். வீட்டுக்கு வேண்டிய தண்ணீரை முன்கூட்டியே இறைத்து உள்ளே வைத்துப் பூட்டியாயிற்று. விளையாட்டாகத்தான் செய்தாள். நானும் சிரித்தேன்.

மதியம். பங்குனி வெயில் தெரியுமல்லவா? இலைகள் தொங்க ஆரம்பித்தன. மச்சான் கிணற்றடிக்குப் போனார். கயிற்றைக் காணோம். வீட்டுக்குள் வந்து தேடினார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு, செருப்புகூட இல்லாமல், ஏரியைப் பார்த்து நடந்தார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஏரியில் தண்ணீர் உள்வாங்கியிருந்தது. சேற்றில் முழங்கால் வரை இறங்கி இரண்டு குடத்தையும் நிரப்பினார். ஒரு குடத்தை நான் வாங்கப் போனேன். தரவில்லை. தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. அந்த உடம்போடு வீடு வரைக்கும் வந்து சேர்ந்தார்.

கொல்லைக்குள் நுழைந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் வள்ளியம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணாத்தே, சொன்னா கேக்க மாட்டியா? செத்தெல்லாம் பூடாது. ஊத்தாதே" என்றாள்.

மச்சான் நின்றார். குடத்தை இறக்கவில்லை. குடத்துத் தண்ணீர் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்தது.

"ரங்கய்யாவும் இப்படித்தான் தண்ணி கேட்டான்" என்றார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. செடியைப் பார்த்துச் சொன்னார்.

ரங்கய்யா அதே மில்லில் வேலை பார்த்த கூடூர்க்காரர். எட்டு வருஷம் ஒரே அறை, ஒரே சாப்பாடு. இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்தார்கள். மலையில் ஏறும்போது ரங்கய்யாவுக்கு வயிற்றுக் கடுப்பு கண்டுவிட்டது. நடக்க முடியவில்லை. மச்சானிடம் ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. அடுத்த ஓடை எங்கே என்று யாருக்கும் தெரியாது. ரங்கய்யா தண்ணீர் கேட்டார். கூட வந்த யாரோ, இந்த வியாதிக்குத் தண்ணீர் கொடுத்தால் ஆகாது என்றார்கள். மச்சானும் நாளைக்கு வேண்டுமே என்று நினைத்தார். கீழே ஓடை இருக்கிறது, அங்கே போய்க் குடிக்கலாம் என்று சொன்னார். ரங்கய்யா மூன்று முறை கேட்டார். நாலாவது முறை கேட்கவில்லை.

"பாட்டில்ல தண்ணி அப்படியே இருந்தது" என்றார் மச்சான். "அப்புறம் அதை நான்தான் குடிச்சேன்."

பங்கஜம் அழுதாள். நான் சொல்வதற்கு வார்த்தை தேடினேன். உங்கள் மேல் தப்பில்லை, விதி, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்... எல்லோரிடமும் இருக்கிற வார்த்தைகள்தான். துக்கக்காரனுக்கு ஆறுதல் என்று நாம் சொல்வதெல்லாம், பாதிக்குப் பாதி, அந்த இடத்தைவிட்டு நாம் சீக்கிரம் நகர்வதற்காகத்தானே?

வள்ளியம்மா நகரவில்லை. வேலிக்கொம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அது மன்சன், அண்ணாத்தே. அவருக்கு நீ குடுத்துருக்கணும். இது மொளகா. இதுக்குக் குடுக்கக் கூடாது."

இப்படி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாளே! மச்சானைப் பார்த்தேன். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது மாதத்தில் அவரிடம் யாரும் சொல்லாத வார்த்தை. அவர் தனக்குத்தானே தினமும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையாகவும் இருக்கும்.

"ஆமாம்மா" என்றார். "குடுத்திருக்கணும்."

இரண்டு குடத்தையும் கீழே இறக்கினார். ஊற்றவில்லை.

ஆனால் வாடுகிற செடியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கவும் அவரால் முடியவில்லை. அன்று சாயங்காலம் வேலியோரம் போய் வள்ளியம்மாவின் புருஷனிடம் விசாரித்தார். மிலிட்டரி காம்பில் கூலிக்காரர்களின் பேரை எழுத, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டுமாம். மறுநாள் காலை நான் ரயிலுக்குக் கிளம்பும்போது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாலு நாளைக்குத்தான் என்றார்.

அந்த நாலு நாளும் சாயங்காலம் வந்தால் கொல்லைப் பக்கமே போக மாட்டார். இலைகள் துவண்டு தொங்கின. நான்காம் நாள் எனக்கே மனசு கேட்கவில்லை. பங்கஜம் மட்டும் அசையவில்லை. ஐந்தாம் நாள் காலை வேருக்கு அளவாகத் தண்ணீர் விட்டாள், சாம்பல் தூவினாள். அதற்குப் பிறகு மூன்று நாளைக்கு ஒரு தடவை.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். மிளகாய்ப் பூ சின்னது. தலையைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு இலைக்கு அடியில் இருக்கும். நின்றபடி பார்த்தால் தெரியாது. பங்கஜம் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. காம்பிலிருந்து வந்த அண்ணனைக் கொல்லைக்குப் போய்ச் சாம்பல் போடச் சொன்னாள். குனிந்தவர் குனிந்தபடியே ரொம்ப நேரம் இருந்தார்.

முதலில் வந்த பூவில் பாதி உதிர்ந்துவிட்டது. மச்சான் பதறிவிட்டார். வெயில் காலத்தில் அப்படித்தான், நிற்கிறது நிற்கும் என்று வள்ளியம்மா சொன்னாள். நின்றது. சித்திரை கடைசியில் பறித்தோம். நல்ல காரம். தண்ணீர் குறைந்தால் காரம் கூடுமாம்.

நாலு நாள் வேலை இன்னும் முடியவில்லை. மச்சான் தினமும் காம்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வைகாசியில் மட்டும் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு கூடூருக்குப் போனார். ரங்கய்யாவின் மனைவி அங்கேதான் இருந்தார். இவ்வளவு நாள் அந்த அம்மாளுக்கு ஒரு கடிதம்கூட இவர் எழுதியிருக்கவில்லை. என்ன எழுதுவது?

திரும்பி வந்த அன்று நானே கேட்டேன். சொல்லிவிட்டீர்களா?

"எல்லாம் சொன்னேன் மாப்ளே. பாட்டில் விஷயமும் சொன்னேன்" என்றார். "அவங்களுக்கு முன்னாடியே தெரியும். கூட வந்த ஒருத்தர் போன வருஷமே சொல்லிட்டாராம். நான் வந்து சொல்றேனான்னு பார்த்துக்கிட்டிருந்தாங்களாம்."

திட்டினாரா, அழுதாரா, மன்னித்தாரா என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார்.

இப்போது எங்கள் கொல்லையில் இருபத்தொன்பது செடி காய்க்கிறது. கோடி மூலையில், முருங்கை நிழலில் நிற்கிற ஒன்றுக்கு மட்டும் மச்சான் காலையிலும் சாயங்காலமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறார். நாங்கள் பார்க்காத நேரமாகப் பார்த்து ஊற்றுகிறார். அது என் மார்பு உயரம் வளர்ந்து நிற்கிறது.

பூக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்பதுமில்லை.