அருள்ஜோதியின் டிபக்கரும் குடில் ஆடுகளும்

அருள்ஜோதி எதையாவது பிடித்துக்கொண்டால் பிடித்ததுதான். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலையில் விருத்தாசலம் வரும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலோர சீட்டுதான் அவளுக்கு வேண்டும். அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், பஸ்ஸே காலியாகக் கிடந்தாலும் நின்றுகொண்டுதான் வருவாள். டீக்கடையில் நுரை இல்லாத டீ கொடுக்கும்வரை கிளாஸைத் தொடமாட்டாள். "இவளக் கட்டிக்கப்போறவன நீதாம்பா காப்பாத்தணும்" என்று அவள் அம்மா ஜோஸ்பின் கோயிலில் சூசையப்பரிடமே சொல்லி வைத்திருந்தார். ஆனால் சிரித்தாளானால் அவள் வேலை பார்க்கும் பீங்கான் தொழிற்பேட்டையின் கடைசி ஷெட்டு வரைக்கும் கேட்கும். அந்தச் சிரிப்புக்காகவே பிடிவாதத்தை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

இது 2006ஆம் வருடத்துச் சங்கதி. பேட்டையில் பொம்மை செய்யும் சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு பொதுச்சூளை வைத்திருந்தார்கள். அவரவர் இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளைக் கொண்டுவந்து முறை வைத்துச் சுட்டுக்கொள்வார்கள். அந்தச் சூளையின் கம்ப்யூட்டருக்கு அருள்ஜோதிதான் பொறுப்பு. சென்னையில் ஒரு கம்பெனியில் ஏசி அறையில் இரண்டு வருடம் உட்கார்ந்து பார்த்தாள்; ஒட்டவில்லை. தான் எழுதிய புரோகிராம் பளபளவென்று ஒரு பொம்மையாகி, சூடு ஆறாமல் கைக்கு வருகிற வேலை இங்கேதானே இருக்கிறது? அதனால் திரும்பி வந்துவிட்டாள். வந்ததற்கு ஒருநாளும் வருந்தியதில்லை.

சூளைக்கு எட்டு பர்னர். ஒரு லோடு வேக எட்டு மணி நேரம். எந்த மணியில் எந்த பர்னர் எவ்வளவு எரியவேண்டும் என்று எட்டுக்கு எட்டு கட்டம் போட்ட ஓர் அட்டவணை உண்டு. பர்னரை நடத்தும் பழைய புரோகிராமை, சூளையைக் கட்டிய எஞ்சினியர் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அருள்ஜோதி அதைத் தொடவில்லை. அதன் முன்னால் சி மொழியில் புதிதாக ஒரு பகுதி எழுதிச் சேர்த்தாள். அட்டவணையைத் திரையிலேயே மாற்றலாம். சி அதை வாங்கி ஃபோர்ட்ரானிடம் கொடுத்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

புதிய ஏற்பாட்டில் ஏறிய முதல் லோடு, கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கும் பொம்மைகள். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஒரு மந்தை ஆடு. வெந்த பொம்மையை நகத்தால் சுண்டினால் 'டிங்' என்று பேசவேண்டும், அதுதான் பேட்டையின் பரீட்சை. அன்றைக்கு முன்வரிசை ஆடுகள் எல்லாம் 'தொப்' என்றன. பின்னால் இருந்த ராஜாக்கள் வெடித்து, ஒருவருக்குக் கிரீடமே கையோடு வந்துவிட்டது.

சூளைச் சங்கத்தின் தலைவர் சாமிதுரை கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவர் மெதுவாகச் சொன்னது அவளுக்கு அதிகமாக வலித்தது.

"இன்னும் ஒரே ஒரு லோடு பாக்கலாம்மா. அதுவும் இப்பிடி வந்துச்சின்னா, கம்ப்யூட்டர மூட்ட கட்டிட்டு, பழையபடி கையாலயே பர்னரத் திருகிக்கிறோம். நீயும் மெட்ராஸு பக்கமே பாத்துக்க."

"சரிங்கய்யா" என்றாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் டீ ஆறிவிடும் என்று குடித்துவிட்டு உள்ளே போய் டிபக்கரைத் திறந்தாள்.

ஓடுகிற புரோகிராமைப் பாதி வழியில் நிறுத்தி, உன் மடியில் என்ன இருக்கிறது காட்டு என்று கேட்கும் கருவிதான் டிபக்கர். அவள் தன் சி பகுதியில் நிறுத்தி, "இரண்டாம் மணி, ஐந்தாம் பர்னர் எவ்வளவு?" என்று கேட்டாள். சரியான சூட்டைச் சொன்னது. ஃபோர்ட்ரானுக்குள் நுழைந்து அதையே கேட்டாள். அங்கேயும் அதே எண். இரண்டு இடத்திலும் சரி, சூளையில் மட்டும் தப்பு. மறுபடி கேட்டாள், மறுபடி அதே பதில். டிபக்கர் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சி ஒரு மொழி, ஃபோர்ட்ரான் ஒரு மொழி. இரண்டையும் இது எப்படிப் புரிந்துகொள்கிறது?

அந்த டிபக்கரை எழுதியவர்கள் அதன் மூலநிரலையும் கூடவே கொடுத்திருந்தார்கள். திறந்து படித்தாள். படிக்கப் படிக்க, வந்த வேலை மறந்து சந்தோஷம் பிடித்துக்கொண்டது. டிபக்கரின் நடுப்பகுதிக்கு எந்த மொழியுமே தெரியாது! புரோகிராமை நிறுத்தும், நகர்த்தும், நினைவகத்தை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். மதிப்புகளைத் தாங்கும் மாறிகளில் எது எந்த இடத்தில் இருக்கிறது, அது என்ன வகை, இந்த வரி எந்த மொழி என்ற குறிப்புகளை, நாம் எழுதியதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் கம்பைலர் முன்கூட்டியே புரோகிராமுக்குள் வைத்துவிட்டுப் போகிறது. மொழிச் சங்கதிகளுக்கு, மொழிக்கு ஒன்றாகத் தனித்தனிப் பெட்டி. நாம் கேட்பதை எப்படிப் புரிந்துகொள்வது, பதிலை எப்படிக் காட்டுவது, எண்ணிக்கையைச் சுழியில் தொடங்குவதா ஒன்றில் தொடங்குவதா, எல்லாம் அந்தப் பெட்டியில். புரோகிராம் எந்த மொழி வரியில் நிற்கிறதோ, அந்த மொழிப் பெட்டியை டிபக்கர் தானாகவே எடுத்துக்கொள்ளும். புது மொழி வந்தால் புதுப் பெட்டி ஒன்று சேர்த்தால் போதும், நடுப்பகுதியை யாரும் கிண்ட வேண்டாம்.

'பயனர் வேண்டாம் என்று சொல்லாதவரை தானாக மாறும்' என்று ஓரிடத்தில் இருந்தது. அதைப் படித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்படி வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். வேலைக்கு வந்த புதிதில், ஃபோர்ட்ரானுக்குள் போகும்போதெல்லாம் டிபக்கர் மொழி மாறுவது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எப்போதும் சி மொழியிலேயே பேசு என்று ஒரு வரி எழுதி நிரந்தரமாகப் பூட்டிவிட்டாள், அந்த பஸ் சீட்டைப் போல; பிறகு அதை மறந்தும் போனாள். அன்றிலிருந்து அது ஃபோர்ட்ரானையும் சி கண்ணாடி போட்டே பார்த்து, அவளுக்குப் பழகிய பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

வரியை அழித்தாள். ஃபோர்ட்ரானுக்குள் நிறுத்தி, ஃபோர்ட்ரான் முறையிலேயே கேட்டாள். இரண்டாம் மணி, ஐந்தாம் பர்னர்? வந்தது ஐந்தாம் மணி, இரண்டாம் பர்னருக்கு உரிய சூடு.

அவ்வளவுதான், சிரிப்பு வெடித்தது. வெளியே சூளை வண்டியில் இரண்டாம் லோடு அடுக்கிக்கொண்டிருந்த பாஞ்சாலையும் அவள் புருஷன் நல்லமுத்துவும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற சாமிதுரை, "அழுவான்னு பாத்தா சிரிக்கிறா. எனக்கு இதான் பயமா இருக்குது" என்றார்.

அருள்ஜோதி வெளியே ஓடி வந்தாள். "பாஞ்சாலக்கா, இந்த வண்டியில பன்னெண்டாவது பொம்ம எது?"

பாஞ்சாலை கீழ்த்தட்டை வரிசையாக முடித்துவிட்டுத்தான் மேல்தட்டுக்குப் போவாள். இரண்டாம் தட்டில் இருந்த ஒரு மேய்ப்பனைக் காட்டினாள். நல்லமுத்து ஒரு மூலையில் கீழிருந்து உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்வான். அவன் வேறு இடத்தில் இருந்த ஓர் ஆட்டைக் காட்டினான்.

"கண்ணு தெரியலயாய்யா ஒனக்கு? பன்னெண்டாவது இதுதான்."

"நீ எண்ணுறதே கோணலு. கட்டிக்கிட்ட நாள்லேந்து இதான் ரோதன."

"சண்ட வேணாம். ரெண்டு பேரும் சரிதான்!" என்றாள் அருள்ஜோதி. "சி மொழி அக்கா மாரி படுக்கையா அடுக்குது. ஃபோர்ட்ரான் அண்ணன் மாரி செங்குத்தா எடுக்குது. நானு அக்கா அடுக்குன வண்டிய அப்படியே அண்ணன் கையில குடுத்துட்டேன். எட்டுக்கு எட்டுன்னு ரெண்டு பக்கமும் சமமா இருந்ததால ஒண்ணும் வெளியில விழல, யாருக்கும் சந்தேகம் வரல."

"அப்ப தப்பு மண்ணு மேல இல்லியே?" என்றார் சாமிதுரை.

"என் மேலதாங்கய்யா. குடுக்கறதுக்கு முன்னால அட்டவணையத் திருப்பிப் போட்டுட்டா முடிஞ்சிது."

திருப்பிப் போட்டாள். வண்டி உள்ளே போனது. எட்டு பர்னரும் அட்டவணை சொன்னபடி எரிந்தன. சூளை ஆறுவதற்குள் அவள் எத்தனை டீ குடித்தாள் என்பது டீக்கடைக்காரருக்குத்தான் தெரியும், நுரை இருந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லையாம்.

மறுநாள் மத்தியானம் வண்டியை வெளியே இழுத்தார்கள். பட்டறைக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். பாஞ்சாலை தட்டுத் தட்டாகச் சுண்டிக்கொண்டு போனாள். டிங். டிங். நல்லமுத்து எதிர்ப்பக்க மூலையில் மேலிருந்து கீழாகச் சுண்டிக்கொண்டு வந்தான். டிங். ராஜாக்களின் கிரீடங்கள் தலையிலேயே இருந்தன. அருள்ஜோதி இரண்டு காதையும் தீட்டிக்கொண்டு, ஒரு 'தொப்' வந்துவிடக் கூடாதே என்று கைகளைப் பிசைந்தபடி நின்றாள்.

கடைசியில் இருவர் கையும் ஒரே ஆட்டுக்குட்டியிடம் வந்து நின்றது. போன தடவை முதலில் 'தொப்' என்றது அந்த இடத்து ஆடுதான். இருவரும் சுண்டவில்லை. சாமிதுரை அதை எடுத்து, வேட்டியால் துடைத்து, அருள்ஜோதியிடம் நீட்டினார்.

"நீயே தட்டும்மா."

சுண்டினாள். டிங்.

"மெட்ராஸு பஸ்ஸுக்குச் சீட்டு கீட்டு போட்டு வெச்சியா?" என்றார் சாமிதுரை.

"கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸு போதுங்கய்யா. எந்த சீட்டா இருந்தாலும் ஒக்காந்துக்குவேன்" என்று அவள் சிரித்த சிரிப்பு, கடைசி ஷெட்டையும் தாண்டிப் போனது.