ஊதக்கூடாது, சார்

அந்தப் பள்ளியில் அறிவியல் டீச்சருக்கு 'அட்டை டீச்சர்' என்று பெயர். வழியில் ஒரு காலி அட்டைப்பெட்டி கிடக்கக்கூடாது, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவாள். "நான் கொஞ்சம் அசந்தா என்னையும் வெட்டி ஒட்டிடுவா" என்பது அவள் கணவனின் நிரந்தரப் புலம்பல். படிக்கிற காலத்தில் 'ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது' என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்து, ஒரு மண்ணும் புரியாமலே முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. தன் வகுப்புப் பிள்ளைகளாவது கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்றுதான் ஒரு காலி அறையில், கோலிக்குண்டு ஏறி இறங்கி ஓடுகிற மாதிரி காகிதத்தில் ரோலர் கோஸ்டர் கட்ட வைத்தாள்.

தலைமையாசிரியருக்கோ அது வெட்டிவேலை. "விளையாடறதுக்கு ஒரு ரூமா? பரீட்சைக்குப் படிக்கவே இடம் போதல. நானே வந்து பாக்கறேன். குண்டு கடைசி வரைக்கும் ஓடலன்னா ரூமைக் காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அவர் வரும் நாள் காலையில் அறையைத் திறந்தவள் மேசைமேல் நின்ற ரோலர் கோஸ்டரிடம் ஓடினாள். வழவழவென்றிருந்த காகிதப் பாதை முழுக்க சிவப்புப் பெயின்ட். பெரியவர் வருகிறாரே, அழகாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் முந்தின நாள் சாயங்காலமே பூசி வைத்திருந்தார்கள். காய்ந்த பெயின்ட் விரலில் சொரசொரத்தது. திட்ட வாயெடுத்தவள், பின்னாலேயே வந்து நின்ற அவர்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். ஒருமுறை ஓட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை, வாசலில் அவருடைய ஷூ சத்தம் கேட்டுவிட்டது.

கோலிக்குண்டு உச்சியிலிருந்து புறப்பட்டது. முதல் இறக்கத்தில் பாய்ந்தது, வளையத்தைச் சுற்றியது, இரண்டாவது மேட்டில் திணறியது. டீச்சரின் முழங்கால் மேசைக்காலை ஒட்டி இருந்தது. லேசாக ஒரு இடி போதும், குண்டு தாண்டிவிடும், ஈ காக்காய்க்குத் தெரியாது. ஆனால் உச்சியில் விட்ட பிறகு யாரும் தொடக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு காலை இழுத்துக்கொண்டாள். குண்டு பின்னால் உருண்டு, பள்ளத்தில் முன்னும் பின்னும் ஆடி, நின்றேவிட்டது.

போச்சு, ரூம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியர் குனிந்தார். குண்டையே பார்த்தார். பிறகு கன்னம் உப்ப 'ஃபூ' என்று ஊதினார்.

"சார், ஊதக்கூடாது!" வகுப்பே கத்தியது. "மேல இருந்து விட்டப்ப இருந்த சக்தியிலதான் ஓடணும்!"

டீச்சருக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்த மனிதரை அதட்டி யாரும் பார்த்ததில்லை.

அவர் நிமிர்ந்தார். காது சிவந்திருந்தது. "சரி, ஊதல. அந்தச் சக்தி எங்க போச்சு, சொல்லுங்க."

பெயின்ட் பூசியவர்களில் ஒரு சிறுமி பாதையைத் தடவினாள். முகம் வாடியது. "நாங்க பூசினதுல உரசி உரசியே சூடாப் போயிடுச்சு, சார்."

அவர் பாதையில் விரல் வைத்துப் பார்த்தார். "சுடலையே?"

"கொஞ்சூண்டு சூடு, சார். உங்க விரலுக்கெல்லாம் தெரியாது."

மணி அடித்தது. அவர் நகரவில்லை. "இந்த மேட்டைக் கொஞ்சம் தாழ்த்தினா என்ன?" என்றார்.

"சார், ரூம்..." என்று இழுத்தாள் டீச்சர்.

"எந்த ரூம்? முதல்ல கத்தரிக்கோலைக் குடுங்கம்மா."

கண்ணில் நீர் முட்டியதில், எதிரே மேசைமேல் கிடந்த கத்தரிக்கோல் அவளுக்குத் தெரியவில்லை.